பாம்புக்கடியோடு கேஷுவாலிட்டிக்குப் போனால் ஏன் உடனே ஊசி போடுவதில்லை?

கொல்லைமேடு | 19 ஜனவரி 2025, காலை 10.12

நேற்று சாயங்காலம் வைக்கோல் போரில் கை வைத்தபோது பாம்பு கடித்துவிட்டது. என்ன பாம்பு என்று பார்க்கவில்லை. 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேஷுவாலிட்டியில் டி.டி. ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஓரமாகப் படுக்க வைத்துவிட்டார்கள். விஷமுறிவு ஊசி போடுங்கள் என்று மச்சான் கெஞ்சிப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார்கள். விடியும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். இப்போது வார்டில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தனியாரில் போயிருந்தால் போனவுடன் போட்டிருப்பார்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் உயிர் அவ்வளவு மலிவா?

வாய்க்கால்கரை | 19 ஜனவரி, காலை 11.05

கண் இமை கனக்கிறதா? எச்சில் விழுங்கக் கஷ்டமா? ஈறில் ரத்தம் கசிகிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சண்டையை அப்புறம் போடலாம்.

வாய்க்கால்கரை | 19 ஜனவரி, காலை 11.48

சரி, எதுவும் இல்லை என்கிறீர்கள். நல்லது.

ஊசி போடாதது அலட்சியம் என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். பாம்பு கடித்தது என்பதற்காக அந்த ஊசி போடுவதில்லை. விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் போடுவார்கள். நம் வயல்களில் கடிக்கிற பாம்புகளில் விஷமில்லாதவையும் நிறைய. நல்ல பாம்பு, விரியனே கடித்தாலும் சில நேரம் பல் பதியும், விஷம் இறங்காது. ஊசியோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. சிலருக்கு அதுவே உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவது என்று கிளப்பிவிடும். தேவையில்லாதவருக்கு அதை ஏற்றிவிட்டு அப்புறம் அவரைக் காப்பாற்ற ஓடுவதில் என்ன லாபம்?

உங்களிடம் ரத்தம் எடுத்தார்களே, அதை என்ன செய்தார்கள் என்று பார்த்தீர்களா?

வாய்க்கால்கரை | 19 ஜனவரி, பிற்பகல் 2.30

அவர் பார்க்கவில்லையாம். நான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

சில வருடம் முன்பு, சம்பா அறுவடை சமயம். பம்ப்செட் கொட்டகையில் மோட்டாரை நிறுத்தப் போனேன். வெளிச்சம் போய்விட்டது, கையில் டார்ச் இருந்தும் ஏற்றவில்லை. கணுக்காலுக்குக் கீழே நெருப்பை வைத்த மாதிரி ஒரு சுரீர். வால் மட்டும் கண்ணில் பட்டது. மச்சினன் துண்டால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். சித்தப்பா, பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவர் இருக்கிறார், கையோடு பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். 108 வந்தது.

ஆம்புலன்ஸில் வந்த பையன் முதல் வேலையாகக் கட்டைக் கவனித்தான். ஒரேயடியாக அவிழ்க்கவில்லை, கொஞ்சம் தளர்த்திவிட்டுக் காலை அட்டை வைத்து ஆடாமல் கட்டினான், எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல. போகும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பாம்புக்கடி, இத்தனை வயது, நினைவு இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

கேஷுவாலிட்டியில் ஒரு பயிற்சி டாக்டர், பெண், என் பெண் வயசுதான் இருக்கும். கட்டிலருகே வந்ததும் கேட்டது பெயர் அல்ல. "மேலே பாருங்க, என் விரலையே பாருங்க, தலையைத் தூக்குங்க, ஒரே மூச்சில் எண்ணுங்க." எண்ணினேன். பேனாவால் வீக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு, பக்கத்திலேயே மணியை எழுதினார். ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் திட்டில் நிறுத்தினார். "யாரும் தொடாதீங்க" என்று ஆயாம்மாவுக்கும் உத்தரவு.

20 நிமிடம் கழித்து வந்து சாய்த்தார். உறைந்திருந்தது. போய்விட்டார்.

என் மனைவிக்கு அப்போது வந்த கோபம் நேற்று உங்கள் மச்சானுக்கு வந்ததைவிடக் குறைந்ததல்ல. டி.டி.யைப் போட்டுவிட்டு ஜன்னலில் குழாயை வைத்து வேடிக்கை பார்க்கிறார்களே என்று அங்கேயே சத்தம் போட்டாள். தனியாருக்குக் கொண்டுபோகக் கார் சொல்லியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் மறுபடி வந்தார். கோட்டைத் தாண்டி வீக்கம் ஏறியிருந்தது. புதிதாக ரத்தம், புதிதாகக் குழாய், இன்னொரு 20 நிமிடம். இந்தத் தடவை சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. ரத்தம் உறையவில்லை, விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அந்த இடமே வேறு வேகம். விஷமுறிவு மருந்து 10 குப்பி எழுதினார்கள். தூளாக இருக்கும் மருந்து, தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைக்கும் என்பதால் இரண்டு சிஸ்டர்கள் குப்பிகளை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்கள். டிரிப்ஸில் கலந்து ஓடவிட்டார்கள். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் அரிப்பு, குளிர். உடனே நிறுத்தினார்கள். தயாராக எடுத்து வைத்திருந்த அட்ரினலினைத் தொடையில் போட்டார்கள், அடங்கியதும் மெதுவாக மறுபடி ஓடவிட்டார்கள். அந்த அட்ரினலின் ஊசி முன்பே தட்டில் இருந்தது என்பதை நான் கவனித்தேன்.

கார் வந்து வாசலில் நின்று திரும்பிப் போனது. வாடகை கொடுத்தோம்.

வாய்க்கால்கரை | 19 ஜனவரி, பிற்பகல் 3.02

விட்டுப்போனது: கடித்தது கண்ணாடி விரியனாகத்தான் இருக்கும் என்றார்கள். ரத்தத்தை உறையவிடாமல் செய்வது முக்கியமாக விரியன்களின் வேலை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், குழாயில் ரத்தம் அழகாக உறையும், ஆள் மூச்சுவிட முடியாமல் போவார். அதனால்தான் குழாயோடு நிறுத்தாமல் இமையையும் மூச்சையும் பார்க்கிறார்கள். நம்மூர் ஊசி இந்த மூன்றோடு சுருட்டை விரியனையும் சேர்த்து நான்குக்கும் ஒரே மருந்து. எனவே பாம்பின் பெயர் தெரியாவிட்டால் வைத்தியம் நடக்காது என்று பயப்பட வேண்டாம். அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். எங்கள் வார்டில் ஒருவர் பாலிதீன் பையோடு வந்தார், உள்ளே இருந்தது சாகவில்லை. கேஷுவாலிட்டி அவ்வளவு சீக்கிரம் காலியானதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வாய்க்கால்கரை | 19 ஜனவரி, இரவு 8.15

லேபில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் சொன்னதைச் சேர்க்கிறேன். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது, அதில் நல்ல ரத்தமே ஒழுங்காக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. நடுவில் எடுத்து ஆட்டிப் பார்க்கக் கூடாது. கூட வருகிற உறவுக்காரர்கள் "உறைஞ்சிடுச்சா" என்று எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் தன் பெரிய தலைவலி என்கிறார். எங்கள் சித்தப்பா இரண்டு தடவை கையை நீட்டினார், ஆயாம்மா தட்டிவிட்டார்.

வாய்க்கால்கரை | 20 ஜனவரி, காலை 7.20

நேற்று இரவு ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் காய்ச்சலோடு இரண்டு மணி நேரம் பெஞ்சில் கிடந்தேன். எனக்குப் பின்னால் வந்த குடிகாரனை ஸ்ட்ரெச்சரில் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். குடித்தவனுக்குத்தான் மரியாதையா?"

அவர் மண்டையில் அடிபட்டு வந்திருப்பார். கேஷுவாலிட்டியில் வந்த வரிசைக்கு மதிப்பில்லை. வாசலிலேயே ஆளைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். மூச்சு, நாடி, நினைவு இதில் ஒன்று தடுமாறினால் சிவப்பு, அப்போதே கை வைக்க வேண்டும். நடந்து வந்து, சீட்டு வாங்கி, செல்போனில் பேசிக்கொண்டு உட்கார முடிகிறவர் பச்சை. தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று டேய் (TAEI) என்ற திட்டம் வந்தபிறகு பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தரையிலும் சுவரிலும் இந்த நிறத்தைப் பூசியே வைத்திருக்கிறார்கள். குடித்தவரிடம் இன்னொரு சங்கடம் உண்டு. அவர் உளறுவது சாராயத்தாலா, மண்டைக்குள் ரத்தம் கசிவதாலா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அவர்தான் முன்னால் போக வேண்டும். எனக்கும் பிடிக்காது, ஆனால் அதுதான் சரி.

உங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்றால் நீங்கள் சாகிற நிலையில் இல்லை என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அதைக் கொஞ்சம் சந்தோஷமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

வாய்க்கால்கரை | 20 ஜனவரி, காலை 7.41

மேலே கடைசி வரி கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். பச்சை என்று உட்கார வைத்தவர் பெஞ்சிலேயே மஞ்சளாகிச் சிவப்பாகலாம். எனக்கே முதல் குழாய் உறைந்தது, அடுத்தது உறையவில்லை. இடையில் இருந்தது ஒரு மணி நேரம்தான். எனவே நிறம் ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துபோகிற விஷயமல்ல. பெஞ்சில் இருக்கும்போது எதாவது மாறினால் (வாந்தி, மயக்கம், நெஞ்சு அடைப்பு, பேச்சுக் குழறல்) வரிசையில் காத்திருக்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள். "எவ்வளவு நேரமாக் காத்திருக்கேன்" என்று ஆரம்பித்தால் காதில் ஏறாது. அதை அவர்கள் எல்லோரிடமும் கேட்கிறார்கள். "வந்தப்போ இல்லாத வாந்தி இப்போ இருக்கு" என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

வாய்க்கால்கரை | 20 ஜனவரி, மாலை 6.10

கொல்லைமேடு எழுதியதைப் படித்தேன். இரவு 12 மணிக்கு மேல் காலை 5 வரை ஒருவரும் வந்து பார்க்கவில்லை, ரத்தம் எடுத்தது ஒரே ஒரு தடவைதான் என்கிறார். இது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்தால் நேற்றே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஊசி போடாமல் வைத்திருப்பது சிகிச்சை. ஊசியும் போடாமல் பார்க்கவும் பார்க்காமல் வைத்திருப்பது சிகிச்சை இல்லை. இரண்டும் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும், மேலே மின்விசிறி சுற்றும், அவ்வளவுதான். முதல் சோதனை சரியாக இருந்தால் ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஒரு நாள் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். தலைமாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டில் மணி போட்டு எழுதியிருக்க வேண்டும். உங்களுடையதில் இடைவெளி இருந்தால், உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் சொன்ன காரணம்தான் வேறு.

எனக்கும் இது நடந்தது, கேஷுவாலிட்டியில் அல்ல, வார்டுக்கு மாற்றிய பிறகு. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளக்கச் சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். யார் அளக்கிறது, எங்கே எழுதுகிறது என்று சொல்லவில்லை. ராத்திரி பணியில் இருந்தவர் ஒரே ஆள், கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்த நோயாளிகள் வேறு. பாட்டில் நிறையும், துப்புரவுப் பெண் ஊற்றிவிட்டுப் போவார். மனைவிதான் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் பால் பாட்டிலை வாங்கி அளந்து பழைய காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு அந்தக் காலண்டர் தாளை வாங்கிப் பின் குத்தி வைத்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்குக் கொடுத்த காசு தனிக்கதை. வேண்டாம்.

வாய்க்கால்கரை | 21 ஜனவரி, காலை 6.55

"அப்படியானால் தனியாரே மேல்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் உறவில் ஒருவரைத் தனியாருக்குத்தான் கொண்டுபோனார்கள். போனவுடன் சில குப்பி ஏற்றினார்கள், சோதனை எதுவும் செய்ததாகத் தெரியவில்லை, மறுநாள் சிறுநீர் நின்றதும் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாத் தனியாரும் இப்படி என்று சொல்லவில்லை. உடனே போட்டார்கள் என்பது மட்டும் நல்ல அடையாளம் அல்ல. பாம்புக்கடி தினம் பார்க்கிற இடம் எது என்று கேளுங்கள். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிதான். ஊசி இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது.

அவசரத்தில் எது பக்கமோ அங்கே போங்கள். முன்பணம் கட்டினால்தான், போலீஸ் வந்தால்தான் தொடுவேன் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு, தனியார் என்று பிரிக்காமல் சொல்லிவிட்டது.

வாய்க்கால்கரை | 21 ஜனவரி, இரவு 9.30

மந்திரம் பற்றி விவாதம் சூடாகிவிட்டது. "எங்கள் ஊர்ப் பெரியவர் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார், கண்ணால் பார்த்தவன் நான்" என்கிறார் ஒருவர். நம்புகிறேன். விஷமில்லாத பாம்பு கடித்தவர்களும் விஷம் இறங்காதவர்களும் அவரிடம் போனால் எல்லோருமே பிழைப்பார்கள். வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள், சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாலும் பிழைப்பார்கள். டாக்டர் ஊசி போடாமல் வைத்திருந்து பிழைக்கிறார்களே, அதே ஆட்கள்தான் இவர்கள். வித்தியாசம் அடுத்த குழாயில் இருக்கிறது. அது உறையாதபோது பெரியவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, அதற்குள் நேரமும் போயிருக்கும்.

கட்டுவிரியன் இதில் மோசம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. பல் தடமே தெரியாமல் போகும். விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுவார், வாயுத்தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், இமை தொங்கும்போதுதான் புரியும். அதனால் கிராமத்திலிருந்து ஒருவர் விடிகாலை வயிற்றுவலியோடு கேஷுவாலிட்டிக்குப் போனால், தரையில் படுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை | 21 ஜனவரி, இரவு 9.52

"உயிர் மலிவா" என்ற கேள்விக்குத் திரும்பி வருகிறேன், மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வுக் கணக்கு. வருடத்துக்குச் சுமார் 58,000. பெரும்பாலும் கிராமத்தார், விவசாயம் செய்கிறவர்கள். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தது 2017-ல்தான். தமிழ்நாட்டில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது 2024 நவம்பரில், போன தீபாவளி கழிந்து. ஆகவே மலிவாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் கேஷுவாலிட்டியில் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

வாய்க்கால்கரை | 22 ஜனவரி, பிற்பகல் 1.15

ஒரு தம்பி கேட்கிறார், விஷத்துக்கு மருந்து பாம்பிலிருந்துதான் வருகிறதா என்று. ஆமாம். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குக் கொடுத்துத்தான் மருந்து தயாராகிறது. மாமல்லபுரம் போகிற வழியில் நிறையப் பேர் கட்டணம் கட்டி விஷம் எடுப்பதை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். 2023-ல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கண்ணாடி விரியன் என்ற ஒரே இனத்தின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறும். இங்கே எடுத்த விஷத்தில் செய்த மருந்து வடக்கே எங்கோ கடித்த பாம்புக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்யாமல் போகலாம். நமக்குப் பக்கத்திலேயே எடுக்கிறார்கள் என்பது நம் அதிர்ஷ்டம்.

குழந்தைக்குக் குப்பி குறைவா என்றும் கேட்டிருந்தார். இல்லை, பெரியவருக்கு எவ்வளவோ அவ்வளவேதான். குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லையே.

வாய்க்கால்கரை | 24 ஜனவரி, காலை 8.40

கொல்லைமேடு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். ஊசி கடைசிவரை போடவில்லை, தேவைப்படவில்லை. கடித்தது அநேகமாகச் சாரையாக இருக்கும் என்று மச்சானே இப்போது சொல்கிறாராம். வைக்கோல் போரில் எலி இருக்கும், எலிக்குச் சாரை வரும். (எலிக்கு நல்ல பாம்பும் வரும். அடுத்த தடவை கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள்.)

அவர் இரண்டு கேட்டிருந்தார்: பின்னால் ஏதாவது தொந்தரவு வருமா, புகார் எங்கே கொடுப்பது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வரலாம், வந்தால் திரும்பப் போக வேண்டும். எனக்கு வந்தது, மாத்திரையில் போனது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்து புகார். அரசின் மருத்துவ உதவி எண் 104-ல் சொல்லலாம். ஆனால் கையில் காகிதம் இல்லாமல் சொன்னால் வாய்ப்பேச்சாகப் போய்விடும். உங்கள் கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று டாக்டர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் வந்ததும் 12 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். எழுதியிருந்து, நீங்கள் தூங்கிப்போயிருந்தீர்கள் என்றால் புகார் வேண்டாம். காலியாக இருந்தால் மனுவை நானே எழுதித் தருகிறேன்.